பழைய கணினிக்கு விடைகொடுக்கும் முன்

வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இருப்பதுபோல இன்று பல வீடுகளில் கணினியும் இருக்கிறது. பழையது மெதுவாகிவிட்டால் புதியது வாங்குகிறோம். பழைய தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிப் போடுவதால் நமக்குப் பெரிய இழப்பு எதுவுமில்லை. கணினி அப்படியன்று. அதற்குள் நாம் எழுதிச் சேர்த்தவை இருக்கின்றன. ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதிய பழைய கோப்புகள் புதிய கணினியில் பெரும்பாலும் சிக்கலின்றித் திறந்துகொள்ளும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தமிழில் எழுதிய கோப்புகளும் திறக்கும். ஆனால் அவற்றில் பலவற்றைப் படிக்க முடியாது. இது ஏன் நேர்கிறது, இதற்கு என்ன தீர்வு என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாற்றம் ஏன் தேவைப்படுகிறது?

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்திற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் நாளும், விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரி 14ஆம் நாளும் நிறுத்தியது. 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிவுக்கு வந்தது. ஆதரவு முடிந்தால் கணினி மறுநாளே நின்றுவிடும் என்று பொருளில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வழக்கம்போல் வந்து சேரமாட்டா என்பதே பொருள். வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு என்று எல்லாமே இணையத்துக்குப் போய்விட்ட காலத்தில் இதைச் சிறிய குறை என்று ஒதுக்க முடியாது.

பழைய கணினியிலேயே விண்டோஸ் 11ஐ ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதற்கு 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பிடமும் இருந்தால் மட்டும் போதாது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், மைக்ரோசாப்ட் ஏற்றுக்கொண்ட செயலிகளில் ஒன்றும் வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். பத்து ஆண்டுகளைக் கடந்த கணினிகள் இந்தச் சோதனையில் தேறுவது அரிது. ஆகவே, பல குடும்பங்கள் புதிய கணினி வாங்கும் முடிவுக்கு வருகின்றன. அந்த முடிவு சரியானதே. பழையதை எப்போது, எப்படிக் கைவிடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

சுங்கை சிப்புட் வீடுகளில் உள்ள எழுத்து

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சுங்கை சிப்புட். ரப்பர்த் தோட்டங்கள் சூழ வளர்ந்த ஊர் இது. 1948 ஜூன் 16ஆம் நாள் இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர்; அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதனால் உலக வரலாற்று நூல்களிலும் இவ்வூரின் பெயர் இடம்பெற்றது. துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தபோது, அவர் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இவையெல்லாம் நூல்களில் உள்ளன.

ஆனால், எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருடைய உபயம், தமிழ்ப்பள்ளியில் யார் யார் ஆசிரியர்களாக இருந்தார்கள், இளைஞர் மன்றத்தின் முதல் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பன போன்ற செய்திகளை எந்த நூலகத்தில் தேடுவது? தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, இத்தகைய விவரங்கள் ஆலயச் செயலவையினர், ஆசிரியர்கள், எழுத்தார்வம் கொண்ட தோட்டத்துப் பெரியவர்கள் ஆகியோரிடம்தான் தங்கின.

இவர்களில் பலர் கணினி வந்தபோது கணினிக்கு மாறியவர்கள். 2000ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதியிலிருந்து கணினி வாங்கப் பணம் எடுக்கும் திட்டம் வந்தது. 2004இல் குறைந்த விலைக் கணினிகளுக்காக பிசி கெமிலாங் என்னும் திட்டம் வந்தது. இப்படிப்பட்ட திட்டங்களாலும், தவணை முறையில் வாங்கியதாலும் சிற்றூர்களிலும் கணினி நுழைந்தது. பிள்ளைகளின் பாடத்துக்கென்று வாங்கிய அதே கணினியில்தான் அப்பா ஆலயக் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்தார்; அக்காள் தமிழ்க் கழக இதழுக்குக் கதை எழுதினாள்; தாத்தா சொல்லச் சொல்ல யாரோ ஒருவர் குடும்பக் கதையைப் பதிவு செய்தார். அந்தக் கோப்புகளுக்கு இன்று வேறு படி இல்லாமல் இருக்கலாம்.

கோப்பு கெட்டுவிட்டதா?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய கணினியிலிருந்து கோப்புகளை விரலியில் படியெடுத்துப் புதிய மடிக்கணினியில் திறக்கிறார்கள். தமிழ் இருந்த இடத்தில் கால், அரை, முக்கால் என்னும் பின்னக்குறிகள் வருகின்றன. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வருகின்றன. பார்ப்பவர் “கோப்பு கெட்டுவிட்டது” என்கிறார். “வைரஸ்” என்கிறார் இன்னொருவர். கடையில் காட்டினாலும், தமிழ் அறியாத தொழில்நுட்பருக்கு அது குப்பையாகத்தான் தெரியும். கோப்புகள் அழிக்கப்படுகின்றன; பழைய வன்தட்டும் போய்விடுகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன?

உண்மையில் அந்தக் கோப்பு கெட்டுப்போகவில்லை. ஓர் எழுத்துகூட அழியாமல் முழுமையாக இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, கணினி எழுத்துகளை எவ்வாறு சேமிக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். நாம் ஓர் எழுத்தைத் தட்டினால் அதற்குரிய எண் கோப்பில் பதிவாகிறது. அந்த எண்ணுக்கு எந்த வடிவத்தைத் திரையில் காட்டுவது என்பதை எழுத்துரு சொல்கிறது. பழைய தமிழ்க் குறியீட்டு முறைகளில் ஒன்றான திஸ்கியில் ‘த’ என்னும் எழுத்தின் எண் 190. திஸ்கி எழுத்துரு உள்ள கணினி 190ஐக் கண்டதும் ‘த’ என்று காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினி, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பட்டியலைப் பார்க்கிறது. அங்கே 190க்கு உரியது முக்கால் குறி. அவ்வாறே 188 என்னும் எண் திஸ்கியில் ‘ட’, ஐரோப்பியப் பட்டியலில் கால் குறி. 189 என்பது ‘ண’, அங்கே அரைக் குறி. 191 என்பது ‘ந’, அங்கே தலைகீழான கேள்விக்குறி. ஆகவே, ‘தமிழ்’ என்ற சொல் முக்கால் குறியில் தொடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. பூட்டு நன்றாகவே இருக்கிறது. சாவிதான் பழைய வீட்டில் தங்கிவிட்டது.

ஒரே எழுத்துக்குப் பல எண்கள்

பழைய முறைகளில் ஓர் எழுத்துருவுக்குள் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றில் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளும் எண்களும் அடங்கிய பகுதி. மீதமுள்ள 128 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனியே அடக்க முடியாது. எனவே கொம்பு, கால், சுழி ஆகியவற்றைத் தனித்துண்டுகளாக வைத்து, அவற்றை ஒட்டி எழுத்துகளை உருவாக்கினார்கள். எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி முடிவு செய்தனர்.

இத்துறையில் மலேசியத் தமிழரின் பங்கு பெரிது. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு மென்பொருள் பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்து, நம் நாட்டில் தமிழ்க் கணிமைக்கே மறுபெயர்போல் விளங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கினார். ஈழத் தமிழரிடையே பாமினி பரவியது. பாமினி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. ஆங்கில எழுத்துகளின் இடங்களையே தமிழுக்குப் பயன்படுத்திக்கொண்டது. பாமினியில் எழுதிய ‘தமிழ்’ என்னும் சொல், எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும்.

ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாத இந்த நிலையை மாற்றப் பலர் உழைத்தனர். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் தமிழ் 99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. மின்னஞ்சல் வழிக் கலந்துரையாடிய தன்னார்வலர்கள் திஸ்கியை வகுத்தனர். 2000ஆம் ஆண்டில் உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 2001ஆம் ஆண்டு மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. இருந்தும், ஒரே தரம் என்பது கைகூடவில்லை. அக்காலத்தில் எழுதப்பட்ட நம் வீட்டுக் கோப்புகள் இந்த முறைகளில் ஏதேனும் ஒன்றில்தான் இருக்கும்.

ஒருங்குறி தந்த தீர்வு

யூனிகோட் எனப்படும் ஒருங்குறி, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்குகிறது. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. ஒருங்குறியில் ‘த’வின் எண் 2980. வேறு எந்த மொழியின் எந்த எழுத்துக்கும் அந்த எண் இல்லை. எனவே எந்த ஒருங்குறித் தமிழ் எழுத்துரு இருந்தாலும் ‘த’ என்பது ‘த’வாகவே தெரியும். விண்டோஸ் வரிசையில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000, லதா எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழை முதன்முதலில் ஆதரித்தது. எனினும், பழக்கம் காரணமாக அதன்பின் பல ஆண்டுகள் பழைய முறைகளே நம் வீடுகளில் தொடர்ந்தன. இன்றைய கைப்பேசிகளும் இணையத் தேடலும் ஒருங்குறியையே நம்பியுள்ளன.

பழைய எழுத்துருவைக் கொண்டுபோனால் போதாதா?

பழைய எழுத்துருக் கோப்பைப் புதிய கணினியில் நிறுவினால் ஆவணம் பெரும்பாலும் மீண்டும் தமிழாகத் தெரியும். முதலுதவியாக இதைச் செய்யலாம், நிரந்தரத் தீர்வாகாது. அந்த உரையை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டினால் மறுபடியும் பின்னக்குறிகள்தான் வரும். பெயரைத் தேடினால் கிடைக்காது. அடுத்த கணினி வாங்கும்போது இதே சிக்கல் திரும்பவும் வரும்.

பி.டி.எஃப். ஆக மாற்றிவிட்டால் போதும் என்பாரும் உண்டு. எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் அதன் உள்ளே இருப்பவை அதே பழைய எண்களே. தாளில் அச்சிட்டதுபோல் படிக்கலாம். தேடவோ திருத்தவோ முடியாது. ஆகவே, பி.டி.எஃப். படி ஒன்று இருக்கட்டும்; அதோடு ஒருங்குறிப் படியும் இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, புதிய கணினி வந்தவுடன் பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் சில வாரங்கள் அருகருகே இருக்கட்டும். கடைக்காரரிடம் ‘பார்மெட்’ செய்யக் கொடுப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஆவணங்களோடு எழுத்துருக்களையும் படியெடுங்கள். விண்டோஸ் கணினியில் அவை ‘பான்ட்ஸ்’ என்னும் கோப்புறையில் இருக்கும். தமிழ் மென்பொருளின் குறுந்தட்டு இருந்தால் அதையும் பாதுகாத்து வையுங்கள். நெகிழ்வட்டுகள் இருந்தால், யு.எஸ்.பி. வழி இணைக்கும் நெகிழ்வட்டு இயக்கி மூலம் படிக்க முயலலாம். கணினியே இயங்கவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். வன்தட்டைத் தனியே கழற்றி, அதற்குரிய யு.எஸ்.பி. இணைப்பான் மூலம் புதிய கணினியில் பொருத்திப் பார்க்கலாம். பழைய வன்தட்டுகளில் அகலமான ஐ.டி.இ. வகை, குறுகிய சாட்டா வகை என இரண்டு உண்டு. வாங்குமுன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, எந்தக் குறியீட்டு முறை என்பதைக் கண்டுபிடியுங்கள். வேர்ட் மென்பொருளில் புரியாத வரியின்மேல் சுட்டியை வைத்து அழுத்தினால், எழுத்துருவின் பெயர் மேலே உள்ள பெட்டியில் தெரியும். எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். பெயர் டி.எஸ்.சி. என்று தொடங்கினால் பெரும்பாலும் திஸ்கி, டி.ஏ.பி. என்றால் டாப், டி.ஏ.எம். என்றால் டாம்.

நான்காவதாக, மூலத்தைத் தொடாமல் அதன் படியொன்றை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். இதற்கெனக் குறியீட்டு மாற்றிகள் உள்ளன. முரசு அஞ்சலிலும், சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். மாற்றியிலும் இவ்வசதி தரப்பட்டது. நிரல் எழுதத் தெரிந்த மாணவர்களுக்கு ஓப்பன் தமிழ் என்னும் திறமூல நிரலகம் உதவும். முதலில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். சரியாக வந்தால் மற்றவற்றையும் மாற்றலாம்.

ஐந்தாவதாக, மாற்றியதைக் கண்ணால் படித்துச் சரிபாருங்கள். இதற்கும் காரணம் உண்டு. திஸ்கி போன்ற முறைகளில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளாகப் பதிவாகும். ஒருங்குறியில் முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. வரிசையையே மாற்ற வேண்டியிருப்பதால் கொம்பு வரும் சொற்களில் பிழை நேரலாம். தட்டச்சு செய்தவர் காலுக்குப் பதில் ரகரத்தை இட்டிருந்தாலும், ஔகாரத்தை ‘ஒ’, ‘ள’ என்று பிரித்து இட்டிருந்தாலும் அவை அப்படியே வரும். பாமினியில் எழுதிய ஆவணத்தின் நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். ஆட்பெயர்கள், ஊர்ப்பெயர்கள், ஆண்டுகள் ஆகியவற்றை மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆறாவதாக, சேமிக்கும்போது யு.டி.எஃப்.-8 என்னும் முறையைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேட் போன்ற எளிய உரைத்தொகுப்பியில் ‘ஆன்சி’ என்று சேமித்தால் ஒருங்குறித் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். முன்னர்ச் சொன்ன பின்னக்குறிகளைப் போன்றதன்று இது. அங்கே எண் பிழைத்திருந்தது. இங்கே எண்ணே அழிந்துவிடுகிறது. மூடிய பின் மீட்க வழியில்லை.

கழக இதழ்களைத் தொகுத்தவர்களுக்கு ஒரு சொல். அக்கால இதழ்கள் பல பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டவை. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7தான் அம்மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு. பழைய கணினியில் அது இயங்கும்போதே கட்டுரைகளை வெளியே எடுத்து எளிய உரைக்கோப்புகளாகச் சேமித்துவிடுவது நல்லது.

இவ்வளவு வேலையா என்று மலைக்க வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் இணையத்தில் ஏற்றியது. அதன் தொடக்க கால மின்நூல்களும் பழைய குறியீட்டு முறைகளில் இருந்தவையே. அவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றினார்கள். அத்தனை நூல்களுக்கு இயன்றது, ஒரு குடும்பத்தின் இருபது முப்பது கோப்புகளுக்கு இயலாதா?

புதிய கணினியும் பழைய பெட்டியும்

புதிய கணினி வாங்கும்போது வட்டுக்குப் பதில் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகம் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் வேகத்தில் வேறுபாடு தெரியும். நினைவகம் குறைந்த அளவான 4 கிகாபைட்டுக்கு மேல், 8 கிகாபைட் இருப்பது நலம். தமிழுக்கென்று தனி மென்பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகையும் எழுத்துருவும் கிடைக்கின்றன. மற்றொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். விண்டோஸ் 11, 64 பிட் இயங்குதளமாக மட்டுமே வருகிறது. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருள்கள் அதில் நேரடியாக இயங்கமாட்டா. பழைய மென்பொருளைப் புதிய கணினியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்பி வேலையைத் தள்ளிப் போடக்கூடாது.

எல்லாம் மாற்றிச் சரிபார்த்த பிறகு, புதிய கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறொரு வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று படிகள் இருக்கட்டும். பழைய கணினியை யாருக்கேனும் கொடுப்பதாக இருந்தால் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மின்னியல் கழிவுகள் மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்கீழ் எஸ்.டபிள்யூ. 110 என வகைப்படுத்தப்பட்டவை. பழைய குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் உண்டு. அதைக் குப்பைத் தொட்டியின் அருகே வைத்துவிடாமல், மின்னியல் கழிவு சேகரிக்கும் மையத்தில் ஒப்படைப்பதே முறை.

நம் கடமை

பல்கலைக்கழகத்தில் பயிலும் நண்பர்களே! இந்த வேலையை நம் பெற்றோரும் பெரியோரும் தனித்துச் செய்வது கடினம். கோப்பில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதை எப்படி மீட்பது என்பது நமக்குத் தெரியும். அடுத்த தவணை விடுமுறையில் சுங்கை சிப்புட்டுக்கோ, உங்கள் ஊர் எதுவோ அங்கோ செல்லும்போது, அலமாரியின்மேல் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய கணினியைப் பற்றி வீட்டில் கேளுங்கள். ஆலயத்திலும், பழைய மன்றச் செயலாளர் வீட்டிலும் கேளுங்கள். எழுதியவர் அருகில் இருக்கும்போதே மாற்றிச் சரிபார்த்தால், ஐயமான பெயர்களை அவரிடமே கேட்டுத் தெளியலாம்.

வேகமான கணினியைப் பணம் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். இடித்துப்போட்ட லயத்தில் யார் வாழ்ந்தார்கள் என்ற பட்டியலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது ஒரு பழைய வன்தட்டில் முக்கால் குறிகளாகவும் அரைக் குறிகளாகவும் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். அதைத் தமிழாக மீட்டெடுத்த பிறகு, பழைய கணினிக்கு மகிழ்ச்சியோடு விடைகொடுப்போம்.